இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே

அன்று சனிக்கிழமை. மார்லிஸ் டோஃப்டி காரில் கணவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ஹாட்டிஷ் பாத்திரத்தை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அடியில் கொத்துக்கறியும் காளான் சூப்பும், மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு உருண்டைகள். லூத்தரன் சர்ச்சில் ஆர்டெல் ஹவுகனுக்கு அடக்க ஆராதனை. முடிந்ததும் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. ப்ரேடனில் யார் செத்தாலும் மார்லிஸ் கொண்டுபோவது இந்த ஹாட்டிஷ்தான். தெற்கு டகோட்டாவில் துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் யாருக்கும் இல்லை.

ஓட்டிக்கொண்டிருந்தவன் வெர்லின். ப்ரேடன் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே யாரைக் கேட்டாலும், முதல்முதலில் ஸ்டியரிங்கைத் தன் கையில் கொடுத்தது மிஸ்டர் டோஃப்டிதான் என்பார்கள். கடையில் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து, “சார், நான் இப்பவும் கண்ணாடியப் பார்த்துட்டுதான் லேன் மாறுறேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவனுக்கு அது பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

சர்ச்சுக்குப் பத்தாம் தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெரு என்று பேரே தவிர ஊருக்கு அதுதான் பெரிய ரோடு. போக இரண்டு தடம், வர இரண்டு தடம், நடுவில் இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவாக ஒரு தடம். அந்த நடுத்தடத்தின் இரு ஓரத்திலும் மஞ்சள் கோடு. வெளிப்பக்கம் முழுக் கோடு, உள்பக்கம் விட்டு விட்டு. இடது கைப்பக்கம் இருக்கிற கடைக்கோ வீட்டுக்கோ போக வேண்டியவர்கள் அதில் ஒதுங்கி நின்று, எதிரே வருகிற வண்டிகள் ஓய்ந்ததும் குறுக்கே கடந்து திரும்புவார்கள். இந்தப் பக்கத்துக்காரனும் ஒதுங்கலாம், அந்தப் பக்கத்துக்காரனும் ஒதுங்கலாம். மூக்கும் மூக்குமாக இரண்டு வண்டி பார்த்துக்கொண்டு நிற்கிற இடம் அது. அதனால் ஊரில் அதற்குச் சாவு லேன் என்று பேர்.

வெர்லினுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பிடிக்காது. “லேன் யாரையும் கொல்லாது. அதுல குடித்தனம் பண்றவன்தான் கொல்லுவான்” என்று வகுப்பில் சொல்வான். திரும்ப வேண்டிய இடம் கிட்டே வந்த பிறகு சிக்னல் போடு, கண்ணாடி பார், உள்ளே போ, எதிரே எவனாவது இருக்கிறானா என்று பார், நில், திரும்பு. முந்திப் போக அதில் ஏறாதே. நீளமாக ஓட்டிக்கொண்டு வராதே. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் படித்துத்தான் பிள்ளைகள் அவனிடமிருந்து வெளியே போனார்கள்.

வங்கியைத் தாண்டியதும் கார் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து, மஞ்சள் கோட்டைக் கடந்து, நடுத்தடத்துக்குள் போனது. சிக்னல் சத்தம் கேட்கவில்லை. மார்லிஸ் பெட்ரோல் பங்க் பக்கம் பார்த்தாள்.

“பெட்ரோல் போடணுமா?”

“எதுக்கு? பாதிக்கு மேல இருக்கே.”

“அப்ப எங்க திரும்புற?”

“சர்ச்சுக்குத்தான். வேற எங்க போறோம்?”

“சர்ச்சு ரயில் கேட்டுக்கு அந்தாண்ட இல்ல இருக்கு?”

“ஊரு எனக்குத் தெரியாதா மார்லிஸ்? உங்க அக்கா கல்யாணமே அங்கதான நடந்துச்சு?”

பெட்ரோல் பங்க் போனது. டயர் கடை போனது. ஐஸ்கிரீம் கடை போனது. வண்டி வேகம் குறையாமல் நடுத்தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கத் தடத்தில் கூடவே வந்த ஓர் இளைஞன் இவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“வெர்லின், நடு லேன்லயே போயிட்டிருக்க.”

“ம்.”

வானம் மூடியிருக்கிறது என்று சொன்னால் ஒருவன் எப்படி ‘ம்’ சொல்வானோ, அப்படிச் சொன்னான். மார்லிஸ் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்து முன்னால் பார்த்தாள்.

எதிரே அதே தடத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. இவர்களைப் பார்த்தபடி. இடது சிக்னல் விட்டு விட்டு எரிந்தது. சக்கரங்களைத் திருப்பாமல் நேராக வைத்து, இவர்கள் பக்கத்துத் தடங்களில் வருகிற வண்டிகள் ஓயட்டும் என்று காத்திருந்தது. ஓட்டி வந்த பெண் ஹார்டுவேர் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரே திரும்பினாள். அவள் வாய் திறந்ததை மார்லிஸ் கண்ணால் பார்த்தாள்.

வெர்லின் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

பாதையில் அப்படி ஒன்று நிற்கிறது என்ற நினைப்பே இல்லாதவன் மாதிரி, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் ஒழுங்காக வைத்து, நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பேர் சொல்லியிருக்கலாம், வெறும் சத்தமாகவும் இருந்திருக்கலாம். அந்த நொடியில் பிரேக் விழுந்தது. கார் கிறீச்சிட்டு முன்பக்கம் தாழ்ந்தது. பாத்திரம் அவள் கையிலிருந்து பறந்து முன்கண்ணாடியில் மோதி, சூப்பும் கறியும் உருளைக்கிழங்குமாக முன்பக்கம் முழுவதும் கொட்டியது. சீட் பெல்ட் அவள் தோளை அறுத்துப் பிடித்து இழுத்துப் பின்னால் போட்டது.

நின்றது. இரண்டு வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். கொஞ்சம் தொப்பை இருந்தால் முடியாது.

வேனிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கும். வேனைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். உள்ளே பின்னிருக்கையில் இரண்டு சின்னப் பெண்கள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். மார்லிஸுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. லார்சன் வீட்டுப் பெண், டானிகா. பல் ஆஸ்பத்திரியில் வேலை.

வெர்லின் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது.

“மிஸ்டர் டோஃப்டி?” என்றாள் டானிகா. அதிர்ச்சியோடு அதிர்ச்சியாக, இவரா என்ற வியப்பும் அந்தக் குரலில் இருந்தது.

“என்னம்மா பண்ற நீ?” வெர்லின் இரைந்தான். “என் லேன்ல வந்து எதுக்கு நிக்கிற?”

மார்லிஸின் முகவாயிலிருந்து சூடான சூப்பு சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை. என் லேன் என்றானா? வெர்லினா சொன்னான்?

“ஹார்டுவேர் கடைக்குத் திரும்பணும் சார்... சிக்னல் போட்டிருந்தேன்...”

“போட்டா ஆச்சா? எதிர்ல வர்றவனப் பார்க்க வேணாமா? இதத்தான் உனக்குச் சொல்லிக்குடுத்தேனா?”

இரண்டு பிள்ளை பெற்றவள், அந்த நடுரோட்டில் பதினாறு வயதுப் பெண்ணாகித் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சாரி சார்” என்றாள். திரும்பிப் போனாள்.

மார்லிஸ் அப்போது பேசியிருக்க வேண்டும். மடியிலிருந்த துண்டால் முகத்தைத் துடைக்கத்தான் செய்தாள். டானிகா வேனைப் பின்னால் எடுத்து ஒதுங்கி வழிவிட்டாள். வெர்லின் வண்டியை எடுத்தான். மிச்ச தூரமும் நடுத்தடத்திலேயே போனான். மார்லிஸ் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சர்ச் கூடத்தில் வெர்லினின் பழைய கூட்டாளி டுவெய்ன் இவர்களைப் பார்த்ததும் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டான்.

“என்னய்யா இது கோலம்? ஆர்டெலுக்குக் கொண்டுவந்த சாப்பாட்ட நீங்களே பூசிக்கிட்டு வந்துட்டீங்க?”

“ஒரு பொண்ணு, என்கிட்ட படிச்சவதான். நேரா எதிர்ல வந்து நின்னுட்டா. நல்லவேளை, பிரேக்கப் போட்டேன்” என்றான் வெர்லின்.

“உன்கிட்ட படிச்சுமா? சம்பளத்தத் திருப்பிக் குடுத்துருய்யா!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தான். சமையலறையில் ஈரத்துணியால் பாவாடையைத் துடைத்துக்கொண்டிருந்த மார்லிஸுக்கு அவ்வளவும் கேட்டது. ஊருக்குள் பொய் சொல்லாத மனிதன் என்று பேர் எடுத்தவன். பொய் சொல்கிறானா, அல்லது நடந்தது அப்படித்தான் என்று நம்புகிறானா? இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது கார் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள்.

“சாவியக் குடு. நான் ஓட்டுறேன்.”

சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் சேர்ந்து போகும்போது அவள் ஓட்டியது குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அவனைக் கூட்டிவந்த ஒரே தடவைதான். அன்றும் வழி முழுக்க அவனிடம் பாடம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். இப்போது அவன் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை எடுத்து நீட்டினான். சாவி அவள் உள்ளங்கையில் விழவில்லை. முதலில் மணிக்கட்டில் இடித்தது. பிறகு அவன் விரல்கள் அவள் கையைத் தடவிக்கொண்டே வந்து உள்ளங்கையைக் கண்டுபிடித்து அதில் வைத்தன.

மார்லிஸ் அவன் கண்ணையே பார்த்தாள்.

வீடு வந்தார்கள். உடை மாற்றினாள். சமையலறையில் வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வெர்லின் மேஜையில் உட்கார்ந்து காபி ஊற்றிக்கொண்டான். கோப்பை விளிம்புக்குள் விரலை வைத்து, காபி விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினான். இது அவனுடைய புதுப் பழக்கம். கோடை முழுக்க அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வயசானவன், கை கழுவாமல் விரலை விடுகிறான் என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த வேன் என்ன கலரு?”

“எந்த வேன்?”

“வெர்லின்.”

“நீ என்ன போலீஸா?”

“என்ன கலருன்னு சொல்லு.”

அவன் ஒரு வாய் குடித்தான். “சிவப்பு” என்றான்.

“அந்தப் பொண்ணு பேரு?”

அவன் மறுபடியும் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். இருபது வருஷத்துக்கு முன் படித்த பிள்ளையையும் பார்த்த மாத்திரத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு.

“டானிகா லார்சன்” என்றாள் மார்லிஸ். “மூணு தடவ பரீட்சையில ஃபெயிலாகி உன்கிட்ட அழுதாளே, அந்தப் பொண்ணு. அவ மூஞ்சிக்கும் உன் மூஞ்சிக்கும் ஒரு கைதான் தூரம். வேன் வெள்ளை.”

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. வெர்லின் கோப்பையை மேஜையில் வைத்தான். வைப்பதற்கு முன் மேஜை விளிம்பை மற்றக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“வேனை நான் பார்க்கவே இல்ல, மார்லிஸ்.”

“பார்க்கலன்னா?”

“நீ கத்துன. பிரேக்க மிதிச்சேன். அவ்வளவுதான். எதிர்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அவ வந்து பேசுனப்பதான் யாரோ நின்னிருக்காங்கன்னே தெரிஞ்சுது.”

மார்லிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“நேராப் பார்த்தா நடுவுல ஒண்ணுமில்ல” என்றான். “இருட்டு இல்ல, புகை இல்ல. ஒண்ணுமே இல்ல. ஓரத்துல தெரியும். இப்ப உன்னப் பார்த்தா உன் காது தெரியுது, முடி தெரியுது, பின்னாடி ஜன்னல் தெரியுது. மூஞ்சி இல்ல.”

அவள் கை தானாகப் போய்த் தன் கன்னத்தைத் தொட்டது.

“எப்பத்திலேர்ந்து?”

“ஈஸ்டருக்கு முன்னாடி ஆரம்பிச்சுது. அப்ப கொஞ்சம்தான்.”

ஈஸ்டர் வசந்தத்தில் வந்தது. இப்போது வெளியே மேப்பிள் இலைகள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. அத்தனை மாதமும் அவன் தினம் காலையில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு டுவெய்னோடு காபி குடிக்கப் போய் வந்தான். ஜூலையில் அவளையும் அவள் அக்காவையும் ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனான். அக்கா பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றாக மார்லிஸுக்கு ஞாபகம் வந்தது.

“அப்ப எப்படி ஓட்டுன? எத வச்சு?”

“சிமெண்டு ரோட்டுல வெள்ளைக் கோடு எனக்குக் கரைஞ்சே போச்சு. ஆனா அந்த மஞ்சள், வெயில் காலத்துல புதுசா அடிச்சாங்களே, அது ரெண்டு ஓரத்துலயும் பளிச்சுன்னு தெரியுது. அதுக்கு நடுவுல இருந்தா ரோட்டுல இருக்கேன்னு நிச்சயம். வேற எங்கயும் எனக்கு அந்த நிச்சயம் இல்ல.”

“அது என்ன லேன்னு உனக்குத் தெரியாமப் போச்சா?”

“எனக்கா?” அவன் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. “இந்த ஊர்ல யாருக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சே போனியா?”

“தெரிஞ்சேதான்.”

“எதிர்ல ஒருத்தன் நிப்பான்னு தெரிஞ்சே?”

“நின்னா தெரிஞ்சிரும்னு நினைச்சேன். வெளிச்சம் அசையும், ஏதாவது தெரியும்னு... இத்தன நாளா ஒண்ணும் ஆகலையே மார்லிஸ்.”

“ஒண்ணும் ஆகலையா? இத்தன நாளா அவங்க விலகிப் போயிருக்காங்க வெர்லின்! நீயா விலகுன? எத்தன பேரு உன்னப் பார்த்து அலறி ஒதுங்கியிருப்பாங்க, உனக்குத் தெரியுமா?”

இந்த யோசனை இதுவரை அவனுக்கு வந்ததே இல்லை என்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. யாரோ அறைந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

மார்லிஸ் எழுந்தாள். பின்கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தக்காளிச் செடிகள் காய்ந்து நின்ற பாத்தி ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். கோபம் வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க உள்ளே திரும்பிப் போக நினைத்தாள். ஆனால் ஒரே மேஜையில் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டவள், எதிரே இருந்தவன் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை அரை வருஷம் கண்டுபிடிக்கவில்லை. அதை நினைத்ததும் கால் நகரவில்லை.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஓர் இளம்பெண், சுற்றிவளைக்காமல் பேசினாள். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போயிருக்கிறது. ஒரு கண்ணில் ஊசி போட்டு, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். இன்னொன்றில் போனது போனதுதான். கார் ஓட்டுவது இனிமேல் கிடையாது, சைக்கிள்கூட வேண்டாம்.

“ஓரத்துல தெரியுறது?” என்று கேட்டான் வெர்லின்.

“அது பெரும்பாலும் இருக்கும்.”

தலையாட்டினான். திரும்பும் வழியில் காரில், “அந்தப் பொண்ண நான் பார்க்கணும்” என்றான். மார்லிஸ் அப்படியே அவள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

டானிகாவின் வீடு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த புதுக் குடியிருப்பில். சாயங்காலம், சமைக்கிற நேரம். கதவைத் திறந்தவள் இவர்களைப் பார்த்ததும் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள்; முகம் சிவந்துவிட்டது.

“மிஸ்டர் டோஃப்டி... நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன் சார். அன்னிக்கு சரியா மன்னிப்புக்கூடக் கேட்கல.”

“மன்னிப்பா?”

“ரெண்டு நாளா தூக்கமே இல்ல. எங்க தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். நான்தான் ரொம்ப சீக்கிரம் உள்ள வந்துட்டேன் போல. பத்தாம் தெரு பக்கமே போறதில்ல சார் இப்ப. இன்னிக்குப் பிள்ளைங்கள ஸ்கூலுக்குப் பின்வழியா சுத்திக்கிட்டுக் கூட்டிப்போனேன். மனசு தெளியுற வரைக்கும் வண்டியே எடுக்காதன்னு எங்க வீட்டுக்காரரும் சொல்றாரு. பிள்ளைங்க கேட்டாங்க. அம்மா தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

மார்லிஸ் கணவனைப் பார்த்தாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கெஞ்சலான, மரியாதையான அந்தக் குரல் அவனை ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி கீழே இறக்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்த வாத்தியார் திட்டினார் என்பதற்காக, தன் கண்ணால் கண்டதையே நம்பாமல் விட்டிருக்கிறாள் இவள்.

“டானிகா” என்றான். “சிக்னல் போட்டிருந்தியா?”

“போட்டிருந்தேன் சார்.”

“வண்டி நின்னுக்கிட்டுதான இருந்துச்சு?”

“ஆமா.”

“சக்கரம்?”

“நேரா வச்சிருந்தேன். பின்னாடி யாராவது இடிச்சா எதிர் லேன்ல போயிடக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க.”

“நீ நின்ன இடம் சரி. நின்ன விதம் சரி. உன்மேல ஒரு தப்பும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தினான். “எனக்குக் கண்ணு தெரியல. நான் உன்ன அன்னிக்குப் பார்க்கவே இல்ல. இப்பவும் உன் மூஞ்சி எனக்குத் தெரியல.”

அவள் புரியாமல் மார்லிஸைப் பார்த்தாள். மார்லிஸ் தலையசைத்தாள். டானிகாவின் முகத்திலிருந்த சிவப்பு வடிந்து, வெள்ளைக் காகிதம் போல் ஆனது.

“கண்ணு தெரியாமயா ஓட்டுனீங்க?”

“ஆமா.”

“தெரியலன்னு உங்களுக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“என் பிள்ளைங்க பின்னாடி இருந்தாங்க.”

“தெரியும்மா, நான்...”

“தெரியாது!” அந்தக் குரல் வீட்டுக்குள்ளே போய் எதிரொலித்தது. “உங்களுக்குத் தெரியாது! பின்னாடி யார் இருந்தாங்கன்னு நீங்க எப்பப் பார்த்தீங்க? அழுதாங்களே, அதாவது காதுல விழுந்துச்சா? விழுந்துமா என்னத் திட்டுனீங்க?”

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டான். மார்லிஸ் அவன் முழங்கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் கையைக் கீழே போட்டாள். இது அவன் நிற்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தோன்றியது.

டானிகா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். இரண்டு பெண்களும் ஓடி வந்து, இவர்களைப் பார்த்ததும் அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“இவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள் டானிகா. “எனக்குச் சொன்னது பத்தாது.”

வெர்லின் சிரமப்பட்டு ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தான். பிள்ளைகள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காலி இடத்தைப் பார்த்துப் பேசினான். ஓரக்கண்ணால் அவர்களைப் பார்க்க அவனுக்கு அதுதான் வழி.

“அன்னிக்குக் கார்ல வந்தது நான்தான். உங்கம்மா சரியாத்தான் நின்னாங்க. நான்தான் போகக் கூடாத இடத்துல வந்தேன். உங்கம்மா நல்லா ஓட்டுவாங்க. தப்பு முழுக்க என்னோடது.”

மூத்தவள் கேட்டாள்: “அப்ப ஏன் எங்கம்மாவத் திட்டுனீங்க?”

மார்லிஸும் அந்தக் கேள்வியைத்தான் இரண்டு நாளாகக் கேட்காமல் வைத்திருந்தாள்.

“தப்பு என்மேலதான்னு அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றான் வெர்லின். “அதான் திட்டுனேன்.”

அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்காது. டானிகாவுக்குப் புரிந்தது. அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவன் எழுந்திருக்கத் தடுமாறியபோது ஒரு கையை நீட்டித் தூக்கிவிட்டாள். பிறகு “சரி” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திரும்பும்போது மார்லிஸ் ஓட்டினாள். கண்ணுக்கான மருந்து வாங்க வேண்டியிருந்தது. மருந்துக்கடை பத்தாம் தெருவில் இடப்பக்கம். கடை கிட்டே வந்ததும் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, நடுத்தடத்தில் ஒதுங்கி நின்றாள். எதிர்ப்பக்கம் வேலை விட்டுத் திரும்புகிற வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அப்போது எதிர்வரிசையிலிருந்து ஒரு நீலப் பிக்கப் வண்டி பிரிந்து, அதே தடத்துக்குள் நுழைந்து, இவர்களை நோக்கி வந்தது. அதற்கும் இடப்பக்கம் எங்கோ திரும்ப வேண்டும். மார்லிஸின் கால் பிரேக்கில் இறுகியது. பிக்கப் வேகம் குறைந்து ஒழுங்காக வந்து, கொஞ்சம் தள்ளி நின்றது. சிக்னல் எரிந்தது. ஓட்டி வந்தவன் வெர்லினை அடையாளம் கண்டுகொண்டு, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிச் சிரித்தான்.

மார்லிஸ் கணவன் பக்கம் திரும்பினாள். வெர்லின் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் திறந்திருந்தன, அவற்றில் வெளிச்சம் இருந்தது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அத்தனை பெரிய வண்டி எதிரே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. சொல்லிக் கேட்டதும் டாக்டர் விளக்கியதும் வேறு. இப்போது பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கோடை முழுக்க இந்த முகத்துக்குப் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

“ஏன் நிக்கிற? வண்டி வருதா?” என்றான் வெர்லின்.

“வருது” என்றாள். “எதிர்ல ஒருத்தர் நிக்கிறாரு. உனக்குக் கை காட்டினாரு.”

“யாரு?”

“தெரியல. நீலப் பிக்கப்.”

“நம்ம லேன்லயா?”

“ஆமா. நம்ம லேன்லதான்.”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கையைத் தூக்கி, முன்னாலிருந்த வெறுமையைப் பார்த்து ஆட்டினான். எதிர்ப்பக்க வரிசை ஓய்ந்தது. மார்லிஸ் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பினாள்.